வைரஸ் எச்சரிக்கை எல்லாம் உண்மையா? அழிப்பதற்கு முன்னும் அனுமதிப்பதற்கு முன்னும் கவனிக்க வேண்டியவை

மதரஸாவின் ஆண்டு விழா நோட்டீஸ் அன்று மாலைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். காலையில் அலுவலகக் கணினியைத் திறந்து தட்டினால், தமிழ் வரவில்லை. ஆங்கில எழுத்துகளே வந்தன. ஆறேழு வருடமாக அதே கணினியில் இருந்த தமிழ்த் தட்டச்சு மென்பொருளைக் காணவில்லை. திரையின் வலது மூலையில் ஒரு சிறிய பெட்டி மட்டும் தெரிந்தது: அச்சுறுத்தல் கண்டறியப்பட்டது, நடவடிக்கை எடுக்கப்பட்டது. முந்தைய இரவு ஆண்டி வைரஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. புதுப்பித்த கையோடு, அதுவரை நல்லவனாக இருந்த மென்பொருளைத் திருடன் என்று பிடித்து உள்ளே வைத்துவிட்டது.

உதவிக்கு வந்த மாணவன் சொன்னான்: "ஹஜ்ரத், ஆண்டி வைரஸை ஆஃப் பண்ணிட்டாப் போதும், எல்லாம் ஓடும்." பக்கத்தில் நின்ற முஅத்தின் சாஹிப் பதறினார்: "வேணாம் ஹஜ்ரத், அதான் வைரஸ்னு சொல்லுதே! மொத்தத்தையும் ஃபார்மட் பண்ணிடலாம்."

இரண்டு பேரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் இரண்டுமே தவறான வழிகள். வைரஸ் எச்சரிக்கை வந்தவுடன் நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். ஒன்று காவலனை அனுப்பிவிடுகிறோம், இல்லையென்றால் வீட்டையே இடிக்கிறோம். எச்சரிக்கை என்பது ஒரு சந்தேகம். அது தீர்ப்பு அல்ல. சந்தேகத்தை விசாரிக்க வேண்டும். எப்படி விசாரிப்பது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

தவறான எச்சரிக்கை என்றால் என்ன?

கெடுதல் இல்லாத ஒரு கோப்பையோ மென்பொருளையோ, ஆண்டி வைரஸ் கெட்டது என்று தவறாக அடையாளம் காண்பதை 'ஃபால்ஸ் பாசிட்டிவ்' என்பார்கள். தமிழில் தவறான எச்சரிக்கை அல்லது பொய் எச்சரிக்கை எனலாம். இதற்கு நேர்மாறானதும் உண்டு. உண்மையிலேயே கெட்ட கோப்பைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடுவது அது.

இந்த இரண்டும் தராசின் இரண்டு தட்டுகள் மாதிரி. சந்தேகத்தை அதிகமாக்கினால் திருடன் தப்புவது குறையும். ஆனால் அப்பாவிகள் மாட்டுவது கூடும். சந்தேகத்தைக் குறைத்தால் அப்பாவிகள் தப்புவார்கள். கூடவே திருடனும் தப்புவான். இரண்டும் பூஜ்யமாக இருக்கும் ஆண்டி வைரஸ் உலகத்தில் இல்லை. அதனால்தான் ஆண்டி வைரஸ்களைச் சோதித்து மதிப்பெண் தரும் ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் போன்ற அமைப்புகள், எத்தனை வைரஸைப் பிடித்தது என்பதோடு எத்தனை நல்ல கோப்புகளைத் தவறாகப் பிடித்தது என்பதையும் கணக்கில் எடுக்கின்றன.

செக்போஸ்ட்டில் நடப்பதுதான் இங்கும்

எங்கள் ஆர்.கே.பேட்டை ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். எல்லையில் செக்போஸ்ட் இருப்பது எங்களுக்குப் பழக்கம். ஆண்டி வைரஸ் எப்படி முடிவு செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அந்த செக்போஸ்ட்டே போதும்.

முதல் முறை, பட்டியலோடு ஒப்பிடுவது. தேடப்படும் வண்டிகளின் எண்கள் காவலரிடம் இருக்கின்றன. வரும் வண்டியின் எண் பட்டியலில் இருந்தால் நிறுத்துவார். அதுபோல, ஏற்கனவே பிடிபட்ட வைரஸ்களின் அடையாளங்கள் ஆண்டி வைரஸிடம் உண்டு. ஒரு கோப்பின் முழு அடையாளமும் பொருந்தினால் அநேகமாகத் தவறு வராது. ஆனால் வைரஸ் எழுதுபவர்கள் அடிக்கடி உருவத்தை மாற்றுவதால், கோப்பின் ஒரு பகுதி மட்டும் பொருந்தினாலும் பிடிக்கும்படி அடையாளத்தைத் தளர்த்தி வைக்கிறார்கள். அந்தப் பகுதி ஒரு நல்ல மென்பொருளிலும் இருந்துவிட்டால், அதுவும் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது முறை, நடத்தையைப் பார்ப்பது. எண் பட்டியலில் இல்லை. ஆனால் நள்ளிரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு வண்டி வருகிறது. காவலர் நிறுத்தத்தான் செய்வார். அது விளக்கு பழுதான ஒரு பால் வண்டியாகவும் இருக்கலாம். ஒரு மென்பொருள் தன்னைச் சுருக்கி மூடிக்கொண்டு வந்தால், பிற மென்பொருள்களின் வேலையில் கை வைத்தால், விசைப்பலகையைக் கவனித்தால், ஆண்டி வைரஸ் சந்தேகப்படும்.

மூன்றாவது முறை, பெயரும் பழக்கமும். தினமும் போய் வரும் பஸ்ஸை யாரும் நிறுத்துவதில்லை. முதன்முறை வரும் வண்டியை நிறுத்துகிறார்கள். கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தும், நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் உள்ள மென்பொருளுக்கு நம்பிக்கை அதிகம். சில நூறு பேர் மட்டுமே இறக்கிய, கையொப்பம் இல்லாத மென்பொருளுக்கு நம்பிக்கை குறைவு. இப்போது இவற்றோடு இயந்திரக் கற்றலும் சேர்ந்துவிட்டது. லட்சக்கணக்கான நல்ல, கெட்ட கோப்புகளைப் பார்த்துப் பழகிய ஒரு கணக்கு, புதிதாக வரும் கோப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஊகிக்கிறது. ஊகம் எப்போதும் சரியாக இருக்காது.

தமிழ் மென்பொருள்கள் ஏன் எளிதில் மாட்டுகின்றன?

என் தட்டச்சு மென்பொருள் மாட்டியது தற்செயல் அல்ல. அழகி, இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் என்று நாம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் தமிழ்த் தட்டச்சுக் கருவிகள் வேலை செய்யும் விதத்தை யோசித்துப் பாருங்கள். நாம் ஆங்கில விசைகளில் 'அம்மா' என்று ஒலிப்படி தட்டுகிறோம். அந்தக் கருவி ஒவ்வொரு விசையையும் வழியிலேயே நிறுத்தி, எது தட்டப்பட்டது என்று பார்த்து, அதற்குப் பதிலாகத் தமிழ் எழுத்தை அனுப்புகிறது. எந்த மென்பொருளில் தட்டினாலும் தமிழ் வர வேண்டும் என்பதால், எல்லா மென்பொருள்களிலும் இதைச் செய்தாக வேண்டும்.

இப்போது வங்கிக் கடவுச்சொல்லைத் திருடும் 'கீலாகர்' என்ற உளவு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் எல்லா மென்பொருள்களிலும் தட்டப்படும் ஒவ்வொரு விசையையும் வழியிலேயே பார்க்கிறது. எழுத்தாக மாற்றி நமக்குத் தருவதற்குப் பதிலாக, எழுதி வைத்துத் திருடனுக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு பேரின் நடையும் ஒன்றுபோலவே தெரியும்.

இன்னொன்று, தமிழ்க் கருவிகள் பலவற்றை ஆர்வலர்கள் தனியாகவோ சிறு குழுவாகவோ எழுதி இலவசமாகத் தந்தார்கள். டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். இலவசமாக எழுதித் தருபவரால் அது முடிவதில்லை. ஆங்கில மென்பொருள்களோடு ஒப்பிட்டால் பயன்படுத்துவோரும் குறைவு. ஆக மூன்று சந்தேகங்களும் ஒரே இடத்தில் சேர்கின்றன: நடத்தை சந்தேகம், கையொப்பம் இல்லை, பெயர் தெரியாது. பாமினி எழுத்துருவில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றும் கருவி, தொழுகை நேரம் காட்டும் சிறு மென்பொருள், உள்ளூர்க் கடைக்காக யாரோ ஒரு பையன் எழுதிக் கொடுத்த பில் போடும் மென்பொருள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சிறிய மொழிக்காரர்களும் சிறிய ஊர்க்காரர்களும் பயன்படுத்தும் மென்பொருள்கள்தான் இந்தச் சோதனையில் அதிகம் அடிபடுகின்றன.

பெரிய நிறுவனங்களும் தவறியிருக்கின்றன

சிறிய மென்பொருள்கள் மட்டும்தான் மாட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. விண்டோஸையே வைரஸ் என்று பிடித்த ஆண்டி வைரஸ்கள் உண்டு.

2007 மே மாதம், சீனாவில் எளிய சீன எழுத்து விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்களின் கணினிகளில் சைமன்டெக் நிறுவனத்தின் நார்ட்டன், விண்டோஸின் இரண்டு அடிப்படைக் கோப்புகளை வைரஸ் என்று ஒதுக்கியது. மறுபடி தொடங்கியபோது அந்தக் கணினிகள் எழுந்திருக்கவே இல்லை.

2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் அனுப்பிய 5958 என்ற எண்ணுள்ள புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் மூன்றாம் சர்வீஸ் பேக்கில் இருந்த 'எஸ்விசிஹோஸ்ட்' என்ற இன்றியமையாத கோப்பை வைரஸாக அடையாளம் கண்டது. கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. நெட்வொர்க் தொடர்பை இழந்தன. அமெரிக்காவில் மருத்துவமனைகள் வரை பாதிக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவில் கோல்ஸ் பேரங்காடியின் பில் போடும் இயந்திரங்கள் செயலிழந்து, சில கடைகளை அன்று மூட வேண்டியதாயிற்று.

2012 செப்டம்பரில் நடந்தது இன்னும் வேடிக்கை. சோஃபோஸ் ஆண்டி வைரஸ் தன்னுடைய சொந்தப் புதுப்பிப்புக் கருவியையே வைரஸ் என்று பிடித்தது. தவறைச் சரிசெய்யும் புதுப்பிப்பை அனுப்பினால், அதை வாங்க வேண்டிய கருவியே பல கணினிகளில் சிறையில் இருந்தது.

2022 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர், உலகம் முழுவதும் குரோம், எட்ஜ், கணினி வாட்ஸ்அப் போன்றவற்றைத் திறக்கும்போதெல்லாம் 'ஹைவ்' என்ற பெயரில் ஆபத்து எச்சரிக்கை கொடுத்தது. அன்றே திருத்தப்பட்ட புதுப்பிப்பு வந்து பிரச்சினை தீர்ந்தது. அந்தச் சில மணி நேரத்தில் பயந்துபோய் விண்டோஸை அழித்து மறுபடி நிறுவியவர்களின் உழைப்புதான் வீண்.

இந்த நிகழ்வுகளிலிருந்து ஒரு பாடம் எடுக்கலாம். தவறான எச்சரிக்கை பெரும்பாலும் ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு திடீரென வரும். ஒரே நேரத்தில் பலருக்கு வரும். நிறுவனத்துக்குத் தெரிந்தவுடன் சில மணி நேரத்தில் அல்லது சில நாட்களில் திருத்தப்படும். ஆகவே பொறுமைதான் முதல் மருந்து.

'அது ஃபால்ஸ் பாசிட்டிவ்தான்' என்ற பொய்

இதுவரை சொன்னதை மட்டும் படித்துவிட்டு, எச்சரிக்கை எல்லாம் பொய் என்று யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அப்படி வந்தவர் ஒருவரின் கதை எனக்குத் தெரியும்.

எனக்குப் பழக்கமான ஒரு ஸ்டூடியோக்காரர். கல்யாணப் படங்கள் எடுத்து ஆல்பம் போடுபவர். விலை கொடுத்து வாங்க வேண்டிய ஆல்பம் வடிவமைப்பு மென்பொருளை இணையத்தில் 'கிராக்' செய்யப்பட்டதாக இலவசமாக இறக்கினார். கூடவே ஒரு குறிப்புக் கோப்பும் வந்தது: நிறுவும் முன் ஆண்டி வைரஸை அணைத்துவிடுங்கள், எச்சரிக்கை வந்தால் பயப்படாதீர்கள், அது ஃபால்ஸ் பாசிட்டிவ்தான் என்று. இவரும் அணைத்தார். மென்பொருள் வந்ததோ இல்லையோ, அரை மணி நேரத்தில் எல்லாப் படங்களின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கெழுத்து ஒட்டிக்கொண்டது. ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் 490 டாலர்.

என்னிடம் வந்தபோது அவர் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "பாய், இன்னும் ஆல்பம் குடுக்காத மூணு கல்யாணம் அதுல இருக்கு. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்று கேட்டார். ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் தகப்பனார் படம் எடுத்த சில வாரங்களில் மவுத்தாகிவிட்டார். அவர் மகளோடு நின்ற கடைசிப் படங்கள் அந்தக் கணினியில்தான் இருந்தன. கேமரா கார்டுகளோ அடுத்த வேலைக்காக அழிக்கப்பட்டுவிட்டன.

அந்த நான்கெழுத்தும் அந்தத் தொகையும் 'ஸ்டாப்' அல்லது 'டிஜேவியு' என்று அழைக்கப்படும் பணம் பறிக்கும் வைரஸ் குடும்பத்தின் அடையாளங்கள். கிராக் செய்யப்பட்ட மென்பொருள்கள், கீஜென் எனப்படும் சாவி உருவாக்கிகள் வழியாகத்தான் அது முக்கியமாகப் பரவியது. அதன் பழைய வகைகள் பலவற்றுக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இலவசமாகப் பூட்டு திறக்கும் கருவி வெளியிட்டது. ஸ்டூடியோக்காரரின் கோப்புகளுக்கு அது உதவவில்லை.

கவனியுங்கள். என் தட்டச்சு மென்பொருளைப் பற்றி நான் சொன்ன அதே வார்த்தையைத்தான் திருடனும் சொன்னான்: 'அது தவறான எச்சரிக்கை.' வார்த்தை ஒன்று, சொல்பவர் வேறு. காவலனை அனுப்பிவிட்டுத்தான் உள்ளே வருவேன் என்று ஒருவன் முன்கூட்டியே சொன்னால், அவன் விருந்தாளி இல்லை. நேர்மையான மென்பொருளாளர், தன் மென்பொருளை ஆண்டி வைரஸ் தவறாகப் பிடிப்பது தெரிந்தால், அதை நிறுவனத்துக்குச் சொல்லித் திருத்தப் பார்ப்பார்.

எச்சரிக்கையே போலியாகவும் இருக்கலாம்

மூன்றாவது ஒரு வகை உண்டு. இணையத்தில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்ததும் திரை முழுவதும் சிவப்பாகி, சத்தம் எழுப்பி, உங்கள் கணினியில் இத்தனை வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று வரும். அது உங்கள் ஆண்டி வைரஸ் கொடுத்த எச்சரிக்கையே அல்ல. வெறும் இணையப் பக்கம். அழைத்தால், கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருளைப் போடச் சொல்லி, பணத்தைக் கறப்பார்கள். இந்தியாவிலிருந்தே கால் சென்டர் வைத்து வெளிநாட்டவர்களை இப்படி ஏமாற்றியவர்கள் மீது, மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகாரின்பேரில் சிபிஐ 2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் நாடு முழுவதும் சோதனை நடத்தியது.

அடையாளம் எளிது. உண்மையான ஆண்டி வைரஸ் எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. பிரவுசரை மூடினால் எச்சரிக்கையும் போய்விட்டது என்றால் அது போலி. மூட முடியாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள்.

எச்சரிக்கை வந்தால் செய்ய வேண்டியவை

1. கையை எடுங்கள். 'டெலிட்' வேண்டாம், 'அலவ்' வேண்டாம். ஆண்டி வைரஸ் கோப்பை 'க்வாரன்டைன்' செய்திருந்தால் அப்படியே இருக்கட்டும். அது கோப்பைப் பூட்டிவைக்கும் அறை. அங்கிருந்து வைரஸும் வெளியே வந்து வேலை செய்யாது, நல்ல கோப்பும் அழியாது. ஆண்டி வைரஸ் அமைப்பில் 'கண்டவுடன் அழி' என்று இருந்தால், 'தனிமைப்படுத்து' என்று இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். சில மென்பொருள்கள் சில நாட்கள் கழித்து அந்த அறையைத் தாமாகவே காலி செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2. எச்சரிக்கையை முழுதாகப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் 'ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரி'யைப் பார்த்தால், வைரஸின் பெயர், கோப்பின் பெயர், அது இருந்த இடம் மூன்றும் தெரியும். பெயரில் 'ஜென்', 'ஹ்யூர்', 'சஸ்பிஷியஸ்' என்றோ, டிஃபெண்டரில் கடைசியில் 'எம்எல்' என்றோ இருந்தால், அது பொதுவான ஊகத்தின் அடிப்படையில் வந்தது. தவறாக இருக்கும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். ஆனால் அதை வைத்து மட்டும் நல்லது என்று முடிவு செய்யக் கூடாது.

3. கோப்பு எங்கிருந்து வந்தது? இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. எழுதியவரின் சொந்த இணையதளத்திலிருந்து நீங்களே இறக்கி, பல மாதங்களாகப் பயன்படுத்தி வந்ததா? அல்லது நேற்று யாரோ பென்டிரைவில் கொடுத்ததா, வாட்ஸ்அப்பில் வந்ததா, மின்னஞ்சலில் பில் என்று வந்ததா? பின்னதாக இருந்தால் மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டாம். எச்சரிக்கை சரி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கிராக், கீஜென் எதுவாக இருந்தாலும் இதே விதிதான். அது திருட்டுப் பொருள் என்பது தனிப் பாவம்.

4. ஆண்டி வைரஸைப் புதுப்பித்து மறுபடி சோதியுங்கள். தவறை நிறுவனம் ஏற்கனவே திருத்தியிருந்தால் எச்சரிக்கை போய்விடும். அவசரம் இல்லையென்றால் ஓரிரு நாள் காத்திருந்து இதையே மறுபடி செய்யுங்கள்.

5. பலரிடம் கேளுங்கள். வைரஸ்டோட்டல் என்ற இலவச இணையதளம் 2004இல் ஸ்பெயினில் தொடங்கப்பட்டது. 2012இல் கூகுள் அதை வாங்கியது. ஒரு கோப்பைக் கொடுத்தால் ஏறத்தாழ 70 ஆண்டி வைரஸ்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று காட்டும். கோப்பைப் பூட்டறையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. எழுதியவரின் தளத்தில் உள்ள இறக்கும் முகவரியையே அங்கே கொடுத்தும் பார்க்கலாம். ஒன்றிரண்டு மட்டும், அதுவும் பொதுவான பெயரில் எதிர்த்தால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். பெரிய நிறுவனங்கள் பலவும் ஒரே குறிப்பிட்ட வைரஸ் குடும்பத்தின் பெயரைச் சொன்னால் அது வைரஸ்தான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சில நிறுவனங்கள் பிட்டிஃபெண்டரின் இயந்திரத்தை வாடகைக்கு வாங்கித் தங்கள் பெயரில் தருகின்றன. ஆகவே ஐந்தாறு பேர் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயரைச் சொன்னால், அது ஐந்தாறு சாட்சி அல்ல, ஒரே சாட்சி. ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இது புதிதில்லை. பல வழிகளில் வந்த செய்தி என்று நினைப்போம். தேடிப் போனால் எல்லா வழிகளும் ஒரே அறிவிப்பாளரிடம் போய் முடியும்.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். வைரஸ்டோட்டலில் ஏற்றும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். மென்பொருளை ஏற்றலாம். ஜமாஅத் கணக்கு, நிகாஹ் பதிவு, ஆதார் நகல், மாணவர் பட்டியல் போன்றவற்றை ஏற்றக் கூடாது. அதேபோல் யாருமே எதிர்க்கவில்லை என்பதும் நூறு சதவீத நற்சான்று அல்ல. நேற்றுப் பிறந்த வைரஸை இன்று யாருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

6. நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட், 1991 முதல் சென்னையிலிருந்து இயங்கும் கே7, புனேயின் குவிக் ஹீல் என எந்த ஆண்டி வைரஸாக இருந்தாலும், அதன் வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்குக் கோப்பின் விவரத்தை அனுப்பி, இது தவறான எச்சரிக்கை என்று நினைக்கிறேன், பரிசோதியுங்கள் எனக் கேட்கலாம். மென்பொருளை எழுதியவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் ஒருவர் எழுதினால், அதே மென்பொருளை வைத்திருக்கும் ஆயிரம் பேருக்குப் பிரச்சினை தீரும்.

7. எல்லாம் சரியென்று தெரிந்த பிறகே மீட்டெடுங்கள். பூட்டறையிலிருந்து எடுப்பதைவிட, எழுதியவரின் தளத்திலிருந்து புதிதாக இறக்கி நிறுவுவது நல்லது. விலக்கு கொடுக்க வேண்டியிருந்தால் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் கொடுங்கள். 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டருக்கோ சி டிரைவுக்கோ விலக்கு கொடுப்பது, ஒரு விருந்தாளிக்காக ஊர்க் கதவையே கழற்றி வைப்பதற்குச் சமம். தேவை முடிந்ததும் விலக்கை நீக்கிவிடுங்கள்.

8. ஒருபோதும் ஆண்டி வைரஸை மொத்தமாக அணைக்காதீர்கள். 'கொஞ்ச நேரம்தான்' என்று அணைப்போம், மறந்துவிடுவோம்.

கைபேசிக்கும் இதே விதிதான். அண்மைக் காலமாக வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராத சலான் என்றும் 'ஏபிகே' கோப்புகள் வருகின்றன. தொட்டால் கூகுள் ப்ளே ப்ரொடெக்ட் தடுக்கும். அனுப்பியவர் நம் மச்சானாக இருக்கிறாரே என்று தடையை மீறாதீர்கள். மச்சானின் கைபேசி திருடன் கையில் இருக்கலாம். அழைப்பிதழ் படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும், நிறுவச் சொல்லாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

பிரதி இருந்தால் பயம் பாதி

எச்சரிக்கை உண்மையோ பொய்யோ, நம்மை அவசரப்பட வைப்பது ஒரே பயம்தான்: உள்ளே இருப்பது போய்விடுமோ என்பது. முக்கியமான கோப்புகளுக்கு இன்னொரு பிரதி வெளியே இருந்தால் நிதானமாக முடிவெடுக்கலாம். வெளி ஹார்ட் டிஸ்கில் வாரம் ஒருமுறை பிரதி எடுத்து, எடுத்த பின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இணைத்தே வைத்திருந்தால் பணம் பறிக்கும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஸ்டூடியோக்காரர் இப்போது அப்படித்தான் செய்கிறார். ஆனால் அந்த மகளுக்கு அவர் கொடுக்க வேண்டிய படங்கள் திரும்பி வரவில்லை.

என் நோட்டீஸ் கதைக்கு வருகிறேன். அன்று விண்டோஸிலேயே உள்ள தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு, பழக்கமில்லாத விசைகளில் தடவித் தடவி நோட்டீஸை முடித்தோம். தட்டச்சு மென்பொருளைப் பற்றி ஆண்டி வைரஸ் நிறுவனத்துக்கு எழுதிப்போட்டேன். மூன்றாம் நாள் புதுப்பிப்பில் எச்சரிக்கை நின்றது. புதிதாக இறக்கி நிறுவினேன். ஆண்டி வைரஸை அணைக்கவும் இல்லை, ஃபார்மட் செய்யவும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

எங்கள் பக்கத்தில் விசைத்தறி அதிகம். ஊடை நூல் அறுந்தால் தறியைத் தானாக நிறுத்தும் ஒரு அமைப்பு தறியிலேயே உண்டு. சில சமயம் நூல் அறுகாமலேயே தறி நின்றுவிடும். அவசரக்காரர் எரிச்சலில் அந்த அமைப்பைக் கட்டிவைத்துவிட்டு ஓட்டுவார். தறி நிற்காமல் ஓடும். ஆனால் நூல் உண்மையிலேயே அறும்போதும் நிற்காது. துணி வீணாகிய பிறகுதான் தெரியும். அனுபவமுள்ள நெசவாளர் தறி நின்ற ஒவ்வொரு முறையும் போய் நூலைப் பார்ப்பார். அறுந்திருந்தால் முடிச்சுப் போடுவார். அறாமல் நின்றிருந்தால் அமைப்பைச் சரிசெய்வார். கட்டிவைக்க மாட்டார்.

அடுத்த முறை திரையின் மூலையில் அந்தப் பெட்டி வரும்போது, நாமும் முதலில் நூலைப் பார்ப்போம்.